நாற்பத்தொன்று

இரண்டு பெட்டிகள்.
ஒன்று பாலக்காட்டில், சுகுணனின் மாடியில்.
மற்றது பொள்ளாச்சியில், மரக்கடை ரஹ்மத்துல்லா வீட்டில்.
நடுவில் நான், கொழிஞ்சாம்பாறையில்,
நகைக்கடை விளம்பரங்களுக்குப்
பதினைந்து நொடி சந்தோஷம் செய்து கொடுப்பவள்.

இரண்டுமே வேவ்டேபிள்.
தெரியாதவர்களுக்கு: ஒரே ஸ்வரத்துக்குள்
அறுபத்து நான்கு அலைகளைச்
சீட்டுக்கட்டுபோல் அடுக்கியிருப்பார்கள்.
குமிழைத் திருகினால்
ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகலாம்.
அவ்வளவுதான். அதற்கு எழுபதாயிரம்.

லேப்டாப்பில் இதெல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது.
தங்கை ஜெசிந்தா சொல்லிக்காட்டுவதற்குள்
நானே சொல்லிவிடுகிறேன்.

சுகுணனுடையது புதிது, வழுவழுப்பு.
ஓர் அலை இன்னொன்றாவது காதுக்குத் தட்டாது.
பொள்ளாச்சியில் கிளம்பிய பஸ்ஸில்
"எங்க போறீங்க" என்பது
எந்த நிறுத்தத்தில் "எவிடெக்கா" ஆனதென்று
யாரும் பார்த்ததில்லை அல்லவா,
அப்படி.

ரஹ்மத்துல்லாவுடையது கிழடு.
மூன்று கட்டைகள் மஞ்சளாகிவிட்டன.
திருகினால் ஒவ்வோர் அலையும்
படியில் உருளும் சொம்புபோல்
டக் டக்கென்று விழுகிறது.
அடியில் ஓர் இரைச்சல் வேறு.
"அந்தக் காலத்துக் கணக்கும்மா, மெமரி பத்தாது" என்றார்.
பக்கத்தில் அறுவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.
அது நின்ற பிறகும் இரைச்சல் இருந்தது.

தாளில் கோடு போட்டு ஒப்பிட்டேன்.
ஒரே நேரத்தில் குரல்கள்: பதினாறு, எட்டு.
எடை: நான்கு கிலோ, பதினொன்று.
வாரண்டி: ஒரு வருடம்,
"கெட்டுப்போனா கொண்டாம்மா, பாக்கலாம்."
எல்லாக் கட்டத்திலும் சுகுணன் ஜெயித்தான்.

எதற்கு வாங்குகிறோம் என்று கேட்டால்
எங்கள் ஆட்கள் உண்மை சொல்வதில்லை.
"கிளையண்ட் கேக்குறாங்க" என்பான் டெல்வின்.
எந்தக் கிளையண்டும் கேட்டதில்லை.
சுகுணன் மூன்று வாங்கி இரண்டை விற்றவன்.
புதுப் பெட்டி வருகிற வாரம் மட்டும்தான்
ராத்திரி முழுக்க விழித்திருக்கத் தோன்றுகிறது
என்று ஒருமுறை சொன்னான்.
உடனே டீ போடப் போய்விட்டான்.

எனக்கு, திரையில் மவுஸால் இழுக்கும்போது
என்ன வேண்டுமென்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.
குமிழ் அதைக் கேட்பதில்லை.
விரல் கொஞ்சம் அதிகம் போய்விட்டால்
அங்கேயே இருந்துவிடலாம்.

ரஹ்மத்துல்லா வீட்டில்
விரல் நாற்பத்தொன்றில் நின்றது.
நாற்பது, வெண்கலம்.
நாற்பத்திரண்டு, யாரோ மூச்சு விடுவது.
நாற்பத்தொன்று இரண்டுமில்லை.
கணவாய்க் காற்று பனங்காட்டுக்குள் நுழையும்போது
ஒவ்வோர் ஓலையும் கொஞ்சம் பிந்தி அசையுமே,
அந்தப் பிந்தல்.

அதே எண்ணைச் சுகுணன் வீட்டில் தேடினேன்.
அங்கே அது நாற்பதாகவும் இருந்தது,
நாற்பத்திரண்டாகவும் இருந்தது.
கடந்து போக முடிந்தது. நிற்க இடமில்லை.

பதினொரு கிலோவை மடியில் வைத்து பஸ்ஸில் வந்தேன்.
கோபாலபுரத்தில் எக்சைஸ்காரர் ஏறினார்.
"பெட்டியில் எந்தா? ஸ்பிரிட்டோ?"
சத்தம் என்றேன்.
"பில் உண்டோ?"
பழசு, பில் இல்லை.
மூடியைத் தூக்கி மஞ்சள் கட்டையை அழுத்தினார்.
கரண்ட் இல்லாத பெட்டி, டொக் என்றது.
இன்னொரு தடவை அழுத்தினார்.
பஸ்ஸே காத்திருந்தது.
"இதினு எத்ர?"
நாற்பத்தெட்டாயிரம்.
அவர் முகம் ஜெசிந்தாவின் முகமானது.
நடுவில் அலை ஒன்றுகூட இல்லாமல்.

முதல் வேலை அட்சய திருதியை, பதினைந்து நொடி.
கேட்டுவிட்டு முதலாளி சொன்னார்:
"பிரமாதம். பின்னாடி காத்து மாதிரி என்னமோ வருதே,
அத மட்டும் எடுத்துடுங்க."
எடுத்தேன்.
லேப்டாப்பில், இலவசமாக.

இன்னும் பதினொரு தவணை இருக்கிறது.